இசைத்தட்டைக் கழுவும்போது சூட்டைக் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வினைல் இசைத்தட்டுகளை வீட்டிலேயே அல்ட்ராசோனிக் (மீயொலி) இயந்திரத்தில் கழுவுவது நல்லதுதான்; 40 கிலோஹெர்ட்ஸ் போன்ற அதிர்வில் தண்ணீருக்குள் நுண்குமிழிகள் உருவாகி உடையும்போது, தூரிகை எட்டாத, தட்டின் இசைப் பள்ளத்து அழுக்குகூடக் கிளம்பி வந்துவிடும். ஆனால் இயந்திரம் ஓட ஓடத் தண்ணீர் தானாகவே சூடாகும், இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. சூட்டில் வினைல் நெளிந்துவிடும், நெளிந்ததைப் பழையபடி ஆக்குவது பெரும்பாடு. 35 டிகிரி செல்சியஸை நெருங்கினாலே நிறுத்தி ஆறவிடுங்கள். குழாய்த் தண்ணீர் வேண்டவே வேண்டாம், அதிலுள்ள உப்பு காய்ந்து பள்ளத்திலேயே தங்கிவிடும். காய்ச்சி வடித்த நீர்தான் சரி. அப்புறம், நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய ஷெல்லாக் (அரக்குப் பிசின்) தட்டு வைத்திருப்பவர்கள் கழுவும் நீரில் ஆல்கஹால் சேர்க்கவே கூடாது, ஷெல்லாக் அதில் கரைந்துவிடும். கழுவிய தட்டைத் தூசி படிந்த பழைய உள்ளுறையிலேயே திரும்பச் செருகாதீர்கள், தயவுசெய்து.

இசைத்தட்டு ஆர்வலர் ஒருவர்