அரைக் கிலோ போதும் என்றாய்

அன்பு மகளுக்கு, அப்பா எழுதுவது.

இங்கே நானும் உன் அம்மாவும் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். போன ஞாயிற்றுக்கிழமை குழம்புப் பொடி திரிக்கப் போவதாக அம்மா சொன்னபோது, இந்த முறை அரைக் கிலோ போதும், காபித்தூள் வேண்டாம் என்று சொல்லிவிட்டு நீ போனை வைத்துவிட்டாய். உனக்குத் திருமணமான நாளிலிருந்து இரண்டு மாதத்துக்கு ஒரு கிலோ பொடி என்பதுதான் நம் வீட்டுக் கணக்கு. முப்பத்து நான்கு ஆண்டுகள் மளிகைக் கடையில் உட்கார்ந்தவன் என்பதால், அளவு மாறினால் என் காது அதைக் கேட்காமல் விடுவதில்லை. பெங்களூரில் எல்லாப் பொடியும் பொட்டலமாகக் கிடைக்கிறது, அதனால் வேண்டாம் என்றிருப்பாய் என அம்மாவிடம் சொன்னேன். அவள் ஒன்றும் பேசாமல் மல்லியைப் புடைத்துக்கொண்டிருந்தாள். ஆகவே அந்தப் பொட்டலங்களைப் பற்றி உனக்கு விவரமாக எழுத வேண்டும் என்று தோன்றியது. போனில் சொன்னால் நீ அவசரத்தில் இருக்கிறாய். கடிதமென்றால் நேரம் கிடைக்கும்போது எடுத்துப் படிக்கலாம்.

சில மாதங்களாக நம் வீட்டில் மாதம் முடிய இரண்டு மூன்று நாள் இருக்கும்போதே எண்ணெய் தீர்ந்துவிடுகிறது. உன் அம்மா இதை என்னிடம் சொல்லவில்லை. முதலில் அப்பளம் பொரிப்பதை நிறுத்தினாள். பிறகு தாளிப்பதைக் குறைத்தாள். ஒரு நாள் நானே கேட்டதற்கு, வயதாகிவிட்டது, கை நடுக்கத்தில் கூடுதலாக ஊற்றிவிடுகிறேன் போலிருக்கிறது என்று கண் கலங்கினாள். அடுப்படிக்குப் போய்ப் பார்த்தேன். காலி எண்ணெய் உறையின் முனையை வெட்டி, கடைசிச் சொட்டும் வடியட்டும் என்று எண்ணெய்த் தூக்கின் மேல் கவிழ்த்து வைத்திருந்தாள். அதை எடுத்துத் துடைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கத்தைப் படித்தேன். 850 கிராம் என்று இருந்தது. முன்பெல்லாம் ஒரு லிட்டர் என்று போட்டு அதன் பக்கத்திலேயே 910 கிராம் என்று போட்டிருப்பார்கள். உறையின் அகலமும் உயரமும் அதே, பளபளப்பும் அதே. உறைக்கு 60 கிராம் குறைவென்றால் மாதம் வாங்கும் மூன்று உறைக்கு 180 கிராம், ஏறக்குறைய 200 மில்லி. அம்மாவின் கையில் ஒரு குறையும் இல்லை என்று கணக்கைத் தாளில் எழுதியே காட்டினேன். அப்படியும் அவள் முழுமனதாக நம்பவில்லை. இத்தனை நாளாகத் தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டு, தானே தன் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாளே என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

எண்ணெயில் இந்த வித்தை புதிதும் அல்ல. எண்ணெய் சூட்டில் விரியும் பொருள். 60 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் என்று கணக்கு வைத்து அடைத்தால், நம் அடுப்படிக்கு வரும்போது எடையில் குறைந்துதான் இருக்கும். 2022 ஆகஸ்டில் மத்திய அரசின் நுகர்வோர் துறை, உறையில் வெப்பநிலையைக் குறிப்பிடக் கூடாது, அளவோடு எடையையும் சேர்த்து அச்சிட வேண்டும் என்று எண்ணெய் நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது. அந்த ஆண்டில் எண்ணெய் விலை எப்படி ஏறியது என்பது உனக்கு நினைவிருக்கும். உக்ரைனில் போர் மூண்டு சூரியகாந்தி எண்ணெய் வரத்து தடைப்பட்டது, ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை மூன்று வாரத்துக்கு மேல் நிறுத்தி வைத்தது. நம் நாடு எண்ணெய்க்கு வெளிநாட்டை நம்பி இருப்பதால் அந்த அடி நேராக இங்கே விழுந்தது. விலை ஏறினால் ஏறியது என்று சொல்லி விற்கலாம். ஆனால் ஐந்து ரூபாய்ப் பொட்டலமும் பத்து ரூபாய்ப் பொட்டலமும் வாங்குகிறவர் கையில் அந்த நாணயமும் நோட்டும்தான் இருக்கும் என்பது விற்கிறவர்களுக்குத் தெரியும். எனவே விலையைத் தொடாமல் உள்ளே இருப்பதைத் தொடுகிறார்கள். நீ பள்ளிக்கூடம் விட்டு வந்து கடையில் எடுத்துத் தின்ற ஐந்து ரூபாய் பிஸ்கட் இன்று எத்தனை கிராம் இருக்கிறது என்று ஒருமுறை பார். சோப்புக் கட்டியின் அடிப்பக்கத்தில் குழி விழுந்திருப்பதையும் பார்.

நான் கடை நடத்திய காலத்தில் இதற்கு ஒரு வேலி இருந்தது. பிஸ்கட், ரொட்டி, காபி, தேயிலை, சமையல் எண்ணெய், பால் பவுடர் போன்ற பொருள்களை இன்னின்ன எடையில்தான் அடைக்க வேண்டும் என்று பொட்டலப் பொருள் விதிகளில் ஒரு பட்டியலே இருந்தது. 2021-இல் விதியைத் திருத்தி அந்தப் பட்டியலை எடுத்துவிட்டார்கள். அதற்கு ஈடாக, ஒரு கிராமுக்கு என்ன விலை, கிலோவுக்கு மேற்பட்ட பொட்டலமானால் ஒரு கிலோவுக்கு என்ன விலை என்று அச்சிடச் சொன்னார்கள். அந்த எழுத்து எறும்பு ஊர்வதுபோல மூலையில் இருக்கும். நீ அதைத் தேடிப் படிக்க வேண்டும். முன்பக்கத்துப் படத்தைப் பார்த்து வாங்காதே, பின்பக்கத்தைப் படி. சேர்மானங்களில் முதலில் எழுதியிருப்பதுதான் எடையில் அதிகம், கடைசியில் இருப்பது மிகக் குறைவு. முந்திரி பிஸ்கட் என்று முன்னால் படம் இருந்தாலும், மைதாவும் சர்க்கரையும் பாமாயிலும் வரிசையாக வந்த பிறகுதான் முந்திரி வரும்.

அரிசியில் நடந்தது நேர்மாறு. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையுள்ள அரிசிப் பைகளுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி விதித்தார்கள். உடனே 26 கிலோ மூட்டை வந்துவிட்டது. ஒரு கிலோவைக் கூட்டினால் வரி இல்லை. அளவு என்பது சாப்பிடுகிறவரின் வயிற்றைப் பார்த்து வைத்ததாக இருந்த காலம் போய்விட்டது. உன் தாத்தா படியில் அரிசி அளந்து, தலை தட்டிய பிறகும் ஒரு கைப்பிடி கொசுறு போட்டவர். இன்று கொசுறு என்ற சொல்லையே கடையில் யாரும் சொல்லிக் கேட்கவில்லை.

காபித்தூள் வேண்டாம் என்றாயே, அதைப் பற்றியும் எழுத வேண்டும். நீ சிறு வயதிலிருந்து தேநீர்தான் குடிப்பாய். மாதா மாதம் நான் அனுப்பிய காபித்தூள் மாப்பிள்ளைக்காகத்தான். காலையில் பில்டர் காபி இல்லாமல் அவரால் இருக்க முடியாது என்று நீயே சொல்லியிருக்கிறாய். போன இரண்டு முறை அனுப்பிய தூள் சரியில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். நாம் வழக்கமாக வறுத்து அரைத்து வாங்கும் கடையை மூடிவிட்டார்கள், அதனால் பொட்டலம் வாங்கினேன். பின்பக்கத்தைப் படித்தபோது 53-க்கு 47 என்று இருந்தது, அதாவது பாதிக்குச் சற்றுக் குறைவாகச் சிக்கரி. காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பதுதான் விதி, அந்த எல்லைவரை போகலாம். 2024-இல் போலக் காபிக்கொட்டை விலை ஏறினால் விற்கிறவருக்கு அந்த எல்லையை நோக்கி நகரத்தான் தோன்றும். கசப்பும் நிறமும் வரும், மணம் வராது. மாப்பிள்ளைக்கு அது பிடிக்காமல் போயிருக்கலாம். பிடிக்கவில்லை என்றால் சொல்லட்டும், மதுரைக்குப் போய் எண்பதுக்கு இருபது என்று என் கண் முன்னே அரைத்து வாங்கி வருகிறேன். வேண்டாம் என்பதற்குக் காரணம் தூள்தானா என்பதை மட்டும் எழுது.

பங்குனிப் பொங்கலுக்கும் நீ வரவில்லை. பராசக்தி மாரியம்மன் கோயில் கொடியேறியதிலிருந்து அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். விடுப்பு இல்லை என்றாய். சென்ற ஆண்டும் அதையே சொன்னாய். நான் குறையாகச் சொல்லவில்லை. நம் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் நீ, அவ்வளவு பெரிய அலுவலகத்தில் கணக்கைப் பார்ப்பவள் நீ. பத்து வயதில் பெட்டிப் பலகைமேல் ஏறி நின்று தராசு பிடிப்பாய். முள் நடுவில் நிற்கும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பாய், நின்ற பிறகுதான் கையை எடுப்பாய். அந்தப் பிள்ளையிடம் நிறுத்து வாங்கினால் மறு எடை பார்க்க வேண்டாம் என்று தெருவில் எல்லாரும் சொன்னார்கள். எடைக்கல்லைச் சோதிக்க வரும் முத்திரை ஆய்வாளர் ஒருமுறை உன்னைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்ன பாராட்டை இன்னும் மறக்கவில்லை.

அந்தப் பாராட்டுக்கு நான் தகுதியானவன் அல்லன். இதை உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை, உன் அம்மாவுக்கும் தெரியாது. 2015-ஆம் ஆண்டு ஐப்பசி வாக்கில் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டது. உனக்குத் தை மாதத்தில் கல்யாணம் என்று நாள் குறித்திருந்தோம். விலையைக் கூட்டினால் வாடிக்கையாளர்கள் எதிர்க்கடைக்குப் போய்விடுவார்கள், கூட்டாவிட்டால் எனக்குக் கட்டாது. அரைக் கிலோ உறைகளை இரவில் நானே போடத் தொடங்கினேன். 475 கிராமில் கையை நிறுத்தினேன். உறைக்கு 25 கிராம், பணமாக ஐந்து ரூபாய். நாளொன்றுக்கு நாற்பது உறை போகும். தை பிறப்பதற்குள் அது ஏறக்குறைய ஒரு பவுனுக்கு வந்துவிட்டது, உன் கழுத்தில் போட்ட சங்கிலியிலேயே அது சேர்ந்துவிட்டது. இன்றைய நிறுவனங்களைக் குறை சொல்கிறேனே, அவர்களாவது குறைத்த எடையை மூலையிலாவது அச்சிடுகிறார்கள். நான் அதையும் செய்யவில்லை.

தீப்பெட்டி ஆபீஸுக்கு வேலைக்குப் போகும் ஓர் அம்மா வாரம் தவறாமல் அரைக் கிலோ வாங்குவார். ஒருநாள் உறையைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, இப்பல்லாம் பருப்பு சனிக்கிழமை வரைக்கும் வரமாட்டேங்குது, என் கைதான் தாராளமாப் போச்சு போல, மருமக ஏசுறா" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு சில்லறையை எண்ணினேன். இல்லையம்மா, உங்கள் கையில் குறையில்லை, என் கையில்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்குப் பிறகு மறுபடி முழு எடை போட்டேன் என்றாலும், அந்த அம்மா மருமகளிடம் எத்தனை நாள் தலைகுனிந்து நின்றாரோ அதை என்னால் திருப்பிக் கொடுக்க முடியாது. போன மாதம் உன் அம்மா எண்ணெய்த் தூக்கைப் பிடித்துக்கொண்டு அதே சொல்லைச் சொன்னபோது எனக்கு உடம்பு நடுங்கிவிட்டது. பெற்றவர்கள் செய்தது பிள்ளைகளின் வாசலில் போய் நிற்கும் என்று உன் அப்பத்தா சொல்வார். அதைப் பற்றி மேலே எழுத எனக்குக் கை வரவில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன். எங்கேயாவது ஏதாவது குறைகிறது என்றால், முதலில் உன் கையைச் சந்தேகப்படாதே. உன் கை தராசு பிடித்த கை, எனக்குத் தெரியும். பொட்டலத்தைத் திருப்பிப் பார், எடையைப் படி. குறைத்தவர் வேறு ஒருவராக இருக்கும்போது நீ உன் வாயைக் கட்டாதே, தாயி. போன முறை வீடியோவில் பார்த்தபோது உன் கழுத்தெலும்பு தெரிந்தது. வேளைக்குச் சாப்பிடு. தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாலும் தட்டில் போட்டுச் சாப்பிடு.

இன்று பார்சல் அனுப்பியிருக்கிறேன். குழம்புப் பொடி நீ சொன்ன அரைக் கிலோ அல்ல, ஒரு கிலோ. ராமநாதபுரத்து முண்டு வத்தல் வாங்கி, மூன்று நாள் மாடியில் காயவைத்து, அம்மா மில்லில் கூடவே நின்று திரித்தாள். வீட்டுத் தராசில் நிறுத்தி, முள் நடுவில் நின்ற பிறகு ஒரு கைப்பிடி மேலே போட்டிருக்கிறாள். எள்ளுருண்டையும் கருப்பட்டியும் தனியாக இருக்கின்றன. காபித்தூள் வைக்கவில்லை.

மாடி அறைக்கு வெள்ளையடித்தாகிவிட்டது, மின்விசிறியும் மாற்றியாகிவிட்டது. பெங்களூரிலிருந்து வரும் நாகர்கோவில் ரயில் விடியுமுன் விருதுநகருக்கு வந்துவிடும், எந்த நாளென்றாலும் நான் ஸ்டேஷனில் நிற்பேன். விடுப்பு இவ்வளவு நாள்தான் என்று கணக்குப் பார்க்க வேண்டாம். அடுத்த முறை எவ்வளவு பொடி வேண்டும் என்பதை நீயே எழுது. எத்தனை பேருக்கு என்பதையும் சேர்த்து எழுது, அதற்குத் தகுந்தபடி அம்மா வத்தல் வாங்குவாள்.

அன்புடன்,
அப்பா