கரையில் மருந்தடித்த அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். கிளை வாய்க்கால் கரையில் களைக்கொல்லி அடித்ததும், காய்ந்துபோன இடத்தைச் சுரண்டி அழகுச்செடி நட்டதும் உங்கள் உத்தரவின்படி நடந்தவை. அதனால் கதையை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. மேட்டூர் திறப்பதற்கு முன்னால் தூர்வாரும் வேலையோடு வேலையாக இதையும் முடித்துவிட்டீர்கள். வேலை சுத்தம். பச்சை என்று சொல்ல அநேகமாக எதுவும் மிச்சமில்லை.

நீங்கள் களை என்று கணக்கெழுதியது மஞ்சள் கரிசலாங்கண்ணி. சித்த வைத்தியர்கள் பொற்றலைக் கையாந்தகரை என்பார்கள். சூரியகாந்திக் குடும்பத்துச் செடி. ஒரு தடவை வேர் பிடித்துவிட்டால் வருடக்கணக்கில் இருக்கும். தண்டு தரையோடு படுத்துப் போகும், ஈரம் பட்ட கணுவிலெல்லாம் வேர் விடும். வயல் வரப்பு, வாய்க்கால் கரை, குளத்தோரம், இவைதான் அதன் இடம். யாரும் விதைத்ததில்லை, யாரும் தண்ணீர் ஊற்றியதுமில்லை. கரை மண்ணை அது இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்ததற்கு நீங்கள் ஒரு பைசா ஒதுக்கியதும் இல்லை.

எங்கள் தெருவுக்குக் கீரை கொண்டுவரும் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். முளைக்கீரை, அரைக்கீரையெல்லாம் பாத்திக்காரர்களிடம் காசு கொடுத்து வாங்கி விற்பவர். வாங்கிய காசு, பஸ் காசு போக அதில் பெரிதாக ஒன்றும் நிற்காது. கரையில் சும்மா பறிக்கிற கரிசலாங்கண்ணிதான் அவருக்குக் கையில் நின்ற காசு. மஞ்சள் காமாலை வந்த வீடுகளில் சொல்லிவைத்து வாங்குவார்கள். மருந்தடித்த மறுவாரம் கூடையோடு போனவர், கருகிய தண்டுகளைக் காலால் தள்ளிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். ஓரத்தில் கொஞ்சம் பச்சையாகத்தான் இருந்தது. "விஷம் பட்டதோ என்னவோ, இதை எப்படிய்யா நோயாளிக்குக் கொடுக்கிறது?" என்றார். யாரும் பார்க்கப் போவதில்லை, பறித்து விற்றிருக்கலாம். அவர் செய்யவில்லை.

இதோடு போயிருந்தால் பரவாயில்லை. நீங்கள் நட்ட அழகுச்செடியும் மஞ்சளாகப் பூக்கிறது. அதைப் பறித்துவந்து, "ஆயா, இங்கேயே இவ்வளவு கிடக்கே, இதைத்தானே காசுக்குக் கொடுத்தே?" என்று அவரிடமே கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் இலையைக் காட்டி இது அதில்லை என்று சொல்வது இப்போது அவருக்குச் சம்பளமில்லாத வேலை. உங்கள் அலுவலகத்தில் நான் கேட்டபோதும் அதே பதில்தான் வந்தது: "அதுவும் மஞ்சப்பூ, இதுவும் மஞ்சப்பூ, என்ன சார் வித்தியாசம்?"

வித்தியாசம் இருக்கிறது ஐயா. தயவுசெய்து இரண்டையும் கையில் வைத்துப் பாருங்கள். நம் செடியின் இலை நீளவாக்கில் ஒடுங்கியிருக்கும், ஓரத்தில் வெட்டு அநேகமாக இருக்காது, விரலால் தடவினால் சொரசொரக்கும். நீங்கள் நட்டதன் இலை தடிப்பாகப் பளபளக்கும், பக்கத்துக்கு ஒரு பிரிவாகத் துருத்தி மூன்று மடலாக நிற்கும். பூவும் சற்றுப் பெரிது. மத்திய அமெரிக்கா, கரீபியன் பக்கத்துக் கொடி அது. உலகத்தின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் போட்ட பட்டியலில் அதற்கும் ஓர் இடம் உண்டு. விதைகூட வேண்டாம், தண்டில் ஒரு துண்டு போதும். கத்தரித்துப் போட்டது வாய்க்காலில் விழுந்தால் மிதந்துபோய்க் கண்ட இடத்தில் வேர் விடும். தண்ணீர் கடைமடைக்குப் போய்ச் சேருகிறதோ இல்லையோ, இந்தக் கொடி போய்ச் சேரும்.

அயல் தாவரங்களை அகற்றவென்றே தமிழ்நாடு அரசு 2022-ல் ஒரு கொள்கை கொண்டுவந்தது. காட்டில் உண்ணிச்செடியைப் பிடுங்க ஒரு துறை செலவு செய்கிறது. ஊருக்குள் இன்னொரு அயல் கொடியை நட இன்னொரு துறை செலவு செய்கிறது. இரண்டும் நம் வரிப்பணம்தான், இரண்டு கோப்பும் ஒரே கோட்டைக்குத்தான் போகின்றன.

களை என்று ஒதுக்கிய செடியைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். கல்லீரல் ஆய்வுகளில் அடிபடும் வெடெலோலாக்டோன் என்ற பொருளின் வேதி அமைப்பை வேதியியலாளர் டி. ஆர். கோவிந்தாச்சாரியும் அவருடைய சகாக்களும் 1956-ல் வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது இந்த மஞ்சள் கரிசலாங்கண்ணியைத்தான். கரிசலாங்கண்ணியைத் தினமும் உணவில் சேர்க்கச் சொன்னவர் வள்ளலார். அவர் படம் உங்கள் அலுவலகச் சுவரிலேயே மாட்டியிருக்கிறது.

இவ்வளவு சுறுசுறுப்பாக மருந்தடிக்கிறவர்கள் வடிகாலை அடைத்துக் கிடக்கும் ஆகாயத்தாமரையை ஏன் தொடுவதில்லை என்றும் கேட்கத் தோன்றுகிறது. மழைக்காலத்தில் வயலில் தண்ணீர் நிற்பதற்குக் காரணம் அது. அதை அள்ள இயந்திரம் வேண்டும், ஆள் வேண்டும், இறங்கிச் சேற்றில் நிற்க வேண்டும். கரையில் நின்று கைத்தெளிப்பானால் அடிப்பது சுலபம். அடுத்து வாய்க்காலின் பக்கவாட்டில் கான்கிரீட் போடப் போவதாகவும் பேச்சு அடிபடுகிறது. அப்புறம் மருந்துச் செலவும் மிச்சம், அங்கே எதுதான் முளைக்கப் போகிறது?

சரி, கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன், மன்னிக்கவும். கேட்க வந்தது இவ்வளவுதான். வாய்க்கால் கரையில் இனிமேல் களைக்கொல்லி அடிக்காதீர்கள். புதர் மண்டினால் ஆள் வைத்து அறுங்கள், நூறு நாள் வேலைக்காரர்கள் அரிவாளோடு ஊரிலேயே இருக்கிறார்கள். நட்ட கொடியை வேரோடு எடுத்துவிடுங்கள். எடுத்ததைத் தண்ணீரில் தள்ளாமல் மேட்டில் குவித்து நன்றாகக் காயவிடுங்கள்.

மதகுக்குக் கீழ்ப்பக்கம் மருந்து எட்டாத கொஞ்ச இடத்தில் நம் செடி தப்பியிருக்கிறது. அங்கே மட்டுமாவது மருந்து டப்பாவை இறக்க வேண்டாம் என்று உங்கள் ஒப்பந்தக்காரரிடம் எழுத்தில் சொல்லிவிடுங்கள். வாயால் சொன்னால் போன தடவை போலத்தான் ஆகும். செடியை அடையாளம் காட்ட ஆள் வேண்டுமென்றால் அந்தக் கீரைக்கார அம்மாவைக் கூப்பிடுங்கள், நானும் வருகிறேன். அவருக்கு ஒரு நாள் கூலியும் கொடுத்துவிடுங்கள்.

கரையில் களைக்கொல்லி வேண்டாம். அடுத்த தூர்வாரும் வேலைக்கு ஒப்பந்தம் விடும் முன் பதில் எழுதும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இந்த வாய்க்கால் பாசனத்தில் பயிர் வைக்கும் ஒருவன்