மலையகத்தில் நீர்த்தாவரத் தொட்டி அமைப்போர் கவனத்திற்கு

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பிளாஸ்டிக் செடிகளும் வண்ணக் கற்களும் நிரப்பிய மீன் தொட்டிகளை விட்டு, உயிருள்ள நீர்த்தாவரங்களை நட்டு அவற்றினிடையே மீன் வளர்க்கும் ஆர்வம் மலையக நகரங்களிலும் தோட்டங்களிலும் பரவி வருகிறது. விஞ்ஞான பாடம் கற்பிப்பவன் என்ற முறையில் இது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருகிறது. ஒளித்தொகுப்பையும் நைதரசன் வட்டத்தையும் ஒரு பிள்ளை தன் வீட்டு மேசையிலேயே காண்பதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஆயினும் இவ்வாறு தொடங்கும் தொட்டிகளிற் பல, இரண்டு மாதம் செல்லுமுன் பாசி படர்ந்து, செடி அழுகி, மீன் இறந்து கைவிடப்படுகின்றன. பிள்ளைகளிடம் அக்கறைக்குக் குறைவில்லை. கொழும்பிலோ சென்னையிலோ இருப்பவர் தம் ஊரின் நீருக்கும் வெப்பத்துக்கும் ஏற்பக் கூறும் முறையை, நுவரெலியாவிலும் ஹட்டனிலும் பண்டாரவளையிலும் இருப்பவர்கள் ஒரு மாற்றமும் செய்யாமல் பின்பற்றுவதே இதற்குப் பெரும் காரணம் என்பது என் கருத்து. இதைத் தங்கள் பத்திரிகை வாயிலாக எடுத்துரைக்க விரும்புகிறேன்.

முதன்மையான தவறு, நீர் நிரப்பிய அன்றோ மறுநாளோ மீன்களை விட்டுவிடுவது. மீனின் கழிவிலிருந்தும் தின்னாமல் எஞ்சிய உணவிலிருந்தும் நீரில் அமோனியா சேர்கிறது. ஒருவகைப் பற்றீரியாக்கள் அதை நைத்திரைற்றாகவும், வேறொரு வகையின அந்த நைத்திரைற்றை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவது அளவோடு இருக்கும்வரை தாவரத்துக்கு உணவு. இந்தப் பற்றீரியாக்கள் வடிகட்டியின் பஞ்சிலும் மணலிலும் குடிகொண்டு போதிய அளவு பெருகுவதற்குத் தாழ்நிலத்தில் நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும் என்பது பொதுவான கணக்கு. அவை 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பத்திலேயே சுறுசுறுப்பாக இயங்குபவை. ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகையாக உள்ள நுவரெலியாவில், சூடாக்கி இல்லாத தொட்டியில் அதே வேலைக்கு இரு மடங்கு காலம் வேண்டியிருக்கலாம். ஆறு வாரம் முடிந்துவிட்டதே என்று நாட்காட்டியைப் பார்த்து மீன் வாங்கச் செல்வது இங்கே பொருந்தாது. துளிகளாக விட்டு நிறம் பார்க்கும் சோதனைக் கருவியில் அமோனியாவும் நைத்திரைற்றும் இரண்டும் பூச்சியம் என்று தெரிந்த பின்னரே மீனைப் பற்றி எண்ண வேண்டும்.

இதனுடன் நமது நீரின் இயல்பும் சேர்ந்துகொள்கிறது. மத்திய மலைநாட்டின் அடிப்பாறை பெரும்பாலும் எளிதிற் கரையாத உருமாறிய பாறையாகும், மழையும் மிகுதி. ஆகவே மாத்தளை, திகன போன்று சுண்ணக்கல் உள்ள பகுதிகளை விலக்கிவிட்டால், நமக்குக் கிடைப்பது கல்சியமும் காபனேற்றும் மிகக் குறைந்த மென்னீரே. பற்றீரியாக்கள் அமோனியாவை மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. அதைச் சமன்படுத்தக் காபனேற்று இல்லாத நீரில், அமிலத்தன்மையைக் காட்டும் பீ.எச். பெறுமானம் படிப்படியாகக் கீழிறங்கி, 6ஐ நெருங்கும்போது பற்றீரியாக்களின் செயற்பாடு ஏறத்தாழ நின்றுபோகிறது. அதன் பின் அமோனியா சேர்ந்துகொண்டே இருக்கும். ஆனால் குளிர்ந்த அமில நீரில் அது நஞ்சு குறைந்த அமோனியமாகவே தங்கியிருப்பதால், மீன்கள் வாரக்கணக்கில் நலமாக நீந்துவதுபோலத் தோன்றும். ஒருநாள் தொட்டியைச் சுத்தம் செய்வோம் என்று பாதி நீரை வெளியேற்றிவிட்டுச் சுத்திகரிக்கப்பட்ட குழாய் நீரை ஊற்றியதும், பீ.எச். திடீரென உயர்ந்து, தேங்கியிருந்த அமோனியம் அமோனியாவாக மாறிவிடுகிறது. மறுநாட் காலையில் எல்லா மீன்களும் மிதக்கின்றன. நோயுள்ள மீனை விற்றுவிட்டார் என்று கடைக்காரர்மீது பழி விழுகிறது; அல்லது குழாய் நீரில் மருந்து அதிகம் என்று முடிவு செய்யப்படுகிறது. உண்மையில் அந்த ஆபத்து ஒரு மாதத்துக்கு முன்பே தொட்டிக்குள் உருவாகிவிட்டது.

இதைத் தடுக்க விலையுயர்ந்த மருந்து எதுவும் தேவையில்லை. நொறுக்கிய சிப்பி ஓடு சிறிதளவை வலைத்துணியில் முடிந்து வடிகட்டியினுள் வைத்தால், அது மெதுவாகக் கரைந்து அமிலத்தைத் தாங்கும். அளவு மிகக் கூடாது. கூடினால் மென்னீரை விரும்பும் செடிகள் வாடும். வாரந்தோறும் ஐந்தில் ஒரு பங்கு நீரை மட்டும் மாற்றுவதும், புதிதாகச் சேர்க்கும் நீரைத் தொட்டியின் வெப்பநிலைக்குக் கொண்டுவந்து ஊற்றுவதும் போதுமானவை. விடியற்காலையில் குழாயிலிருந்து வரும் குளிர்நீரை நேரே ஊற்றுவதைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும்.

நீரை எங்கிருந்து எடுப்பது என்பதிலும் கவனம் தேவை. நகர நீரில் குளோரீன் உண்டு; திறந்த வாளியில் ஒரு நாள் முழுதும் வைத்துக் காற்றூட்டினாலோ, அதற்கென விற்கப்படும் துளிமருந்தை இட்டாலோ அது நீங்கிவிடும். மலையிலிருந்து நேரே வரும் பீலித் தண்ணீரில் குளோரீன் இல்லை என்பதால் அதுவே சிறந்தது எனப் பலர் எண்ணுகின்றனர். தேயிலை மலைக்கு மேலே, காட்டினுள் ஊறும் நீரானால் அது உண்மைதான். தேயிலை நிலத்தின் ஊடாக வடிந்து வரும் நீரானால், உரமிட்ட பின் பெய்யும் மழையில் யூரியாவும், கொழுந்தைத் தாக்கும் கொப்புள நோய்க்குத் தெளிக்கும் செப்பு மருந்தும் அதிற் கலந்திருக்கக்கூடும். செப்பு மிகச் சிறிய அளவிலேயே இறாலையும் நத்தையையும் கொல்லும். ஆகையால் மருந்து தெளிக்கும் மழைக்காலத்தில் அத்தகைய பீலி நீரைத் தொட்டிக்கு எடுக்கலாகாது.

வெப்பத்தைப் பொறுத்தவரை, நியோன், ஏஞ்சல், கப்பி போன்று 24 பாகையளவு வெப்பம் வேண்டும் மீன்களைச் சூடாக்கி இல்லாமல் நுவரெலியாவில் வளர்க்க முயல்வது மீனுக்குச் செய்யும் கொடுமை. 60 லீற்றர் தொட்டிக்கு அங்கே 100 வாற்று சூடாக்கி வேண்டியிருக்கும். மின்சாரப் பட்டியலையும் கருத்திற் கொள்ள வேண்டும். சூடாக்கி பொருத்தியவர்களும் ஒன்றைக் கவனிப்பதில்லை. நுவரெலியா இருக்கும், கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் வளியமுக்கம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால், நீரிற் கரையும் ஒட்சிசனும் அதே விகிதத்திற் குறைகிறது. குளிர்ந்த நீர் அதிக ஒட்சிசனைப் பிடித்துவைக்கும் என்பது அந்தக் குறையை ஈடுசெய்கிறது. நீரைச் சூடாக்கியதும் அந்த ஈடு போய்விடுகிறது. அதே 25 பாகையில் கொழும்புத் தொட்டியில் வாழும் எண்ணிக்கையில் மீன்களை இங்கே இட்டால், செடிகளும் ஒட்சிசனை உள்வாங்கும் இரவு வேளையில் அவை நீர்மட்டத்துக்கு வந்து மூச்சுக்குத் தவிக்கும். மீனைக் குறைத்து, வடிகட்டியிலிருந்து வெளிவரும் நீர் தொட்டியின் நீர்மட்டத்தைக் கலக்குமாறு அமைப்பதே வழி.

என்னைக் கேட்டால், குளிரைத் தாங்கும் மீன்களைத் தேர்ந்தெடுப்பதே உத்தமம். சீப்ரா மீன்கள் 18 பாகையிலும் நன்றாக இருக்கும். சீனத்து மலையோடைகளைச் சேர்ந்த வைட் கிளவுட் மீன் கிடைத்தால் அதைவிடப் பொருத்தமானது இல்லை. நம் நாட்டுக்கே உரிய செர்ரி பார்ப் மீன் இங்கும் வாழும் என்று நம்பி ஏமாறுபவர்கள் உண்டு. அதன் தாயகம் தாழ்நில ஈரவலயக் காடுகளின் நிழலோடைகளாகும். தங்கமீன் குளிரைத் தாங்கும் என்றாலும், செடிகளைத் தோண்டியும் தின்றும் அழித்துவிடும்.

செடிகளின் விடயத்தில் நாம் பெருமைப்படக் காரணம் உண்டு. உலகெங்கும் தொட்டிகளில் நடப்படும் கிரிப்டோகோரின் இனங்களுள் வென்ட்டி, பெக்கெட்டி, பார்வா ஆகியன இலங்கைக்கே உரியவை. மென்னீரும் மிதமான ஒளியும் அவற்றுக்குப் போதும். ஆனால் இவற்றை வாங்கி நட்டவர்கள் ஒரு வாரத்தில் இலைகளெல்லாம் கூழாகி உதிர்வதைக் கண்டு, செடி செத்துவிட்டது என்று பிடுங்கி எறிந்துவிடுகிறார்கள். இடம் மாறியதும் இலை உதிர்ப்பது அச்செடியின் இயல்பு. அழுகிய இலையை மட்டும் அகற்றி, வேரை அசைக்காமல் விட்டால் சில வாரங்களில் புதிய இலை வரும். குளிர்ப் பிரதேசத்தில் இன்னும் சற்றுப் பொறுக்க வேண்டும். பண்ணைகள் நீர்த்தாவரங்கள் பலவற்றை நீருக்கு மேலே வளர்த்தே விற்பதால், நீரில் மூழ்கியதும் பழைய இலைகளை இழப்பது வேறு செடிகளிலும் காணப்படுவதுதான். இதற்கு மாறாக, அனூபியாசையும் ஜாவா பேர்னையும் கிழங்குத் தண்டு மூடும்படி மணலிற் புதைத்தால் அவை மெய்யாகவே அழுகிவிடும். அவற்றைக் கல்லிலோ மரக்கட்டையிலோ நூலாற் கட்டிவிட வேண்டும்.

முதல் நாளிலேயே நிறையச் செடிகளை நடுவது முக்கியம். இரண்டு மூன்று செடிகளை நட்டு, அவை பெருகட்டும் என்று காத்திருக்கும்போது எஞ்சிய சத்து முழுவதும் பாசிக்குப் போய்ச் சேர்கிறது. மலிவாகக் கிடைக்கும், விரைந்து வளரும் வலிஸ்னேரியாவையோ ஹைக்ரோபிலாவையோ அடர்த்தியாக நட்டால், பற்றீரியாக்கள் பெருகும்வரை அமோனியாவையும் அவையே உறிஞ்சிக்கொள்ளும். குளிரறைக்கு வெயில் படட்டும் என்று சன்னலோரத்தில் தொட்டியை வைப்பதும், விளக்கை இரவு பகலாக எரிய விடுவதும் பாசியைத்தான் வளர்க்கும். தொடக்கத்தில் நாளொன்றுக்கு ஆறு மணி நேர ஒளி போதும். காபனீரொட்சைட்டு உருளை வாங்கித்தான் தீர வேண்டும் என்று சொல்பவர்களைப் புதியவர்கள் நம்பத் தேவையில்லை. நான் மேலே குறிப்பிட்ட எந்தச் செடிக்கும் அது வேண்டியதில்லை. தேயிலைக்கு இடும் உரக்கலவையை மணலுக்கு அடியில் இடும் பழக்கம் மட்டும் அடியோடு நிற்க வேண்டும். அதிலுள்ள யூரியா நீரில் அமோனியாவாக மாறும்.

அடித்தளத்துக்குக் கழுவிய ஆற்று மணல் போதுமானது. அழகுக்காக வைக்கும் வெண்கல் சுண்ணக்கல்லா என்று அறிய விநாகிரி விட்டு நுரைக்கிறதா என்று பார்ப்பார்கள். நம் பகுதியின் வெண்கற்களிற் பல டொலமைட்டு கலந்தவை ஆதலால் முழுக்கல்லில் நுரை தெரியாமற் போகலாம். ஓரத்தைச் சுரண்டித் தூளாக்கி, அந்தத் தூளிற் சோதிக்க வேண்டும். தொட்டியின் எடையும் நினைவில் இருக்கட்டும்: 60 லீற்றர் நீர் மட்டுமே 60 கிலோ, மணலும் கண்ணாடியும் சேர்ந்தால் 80 கிலோவைத் தாண்டும். லயத்து வீட்டின் சுவர்த் தட்டு அதைத் தாங்காது.

மின்சாரத்தைச் சேமிக்க இரவில் வடிகட்டியை நிறுத்துவோரும் இருக்கிறார்கள். நீரோட்டம் நின்றால் வடிகட்டியினுள் வாழும் பற்றீரியாக்கள் ஒட்சிசனின்றி இறக்கத் தொடங்கும். 2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுகளில் பல தொட்டிகள் அழிந்ததற்கு இதுவே காரணம். வடிகட்டியின் பஞ்சைக் குளோரீன் கலந்த குழாய் நீரில் அலசுவதும் இதே கேட்டை விளைவிக்கும். தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அதை அலச வேண்டும்.

கடைசியாக, தோல்வியுற்ற தொட்டியை எங்கே கொட்டுகிறோம் என்பது வீட்டோடு முடியும் விடயம் அல்ல. மகாவலியும் களனியும் பிறப்பது நம் மலைகளில். இங்கே ஓர் ஓடையில் விட்ட செடியும் மீனும் கீழே உள்ள நீர்த்தேக்கங்கள் அனைத்துக்கும் செல்லும். அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆற்றுவாழையைக் கட்டுப்படுத்த இந்நாட்டில் 1909ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்ற நேர்ந்தது. அது இன்றும் ஒழிந்தபாடில்லை. டேங்க் கிளீனர் என்ற பெயரில் விற்கப்படும் மீன் இன்று நம் நீர்நிலைகளிற் பெருகிக் கிடக்கிறது. வேண்டாத செடிகளை வெயிலிற் காயவைத்துக் குப்பையோடு புதைக்க வேண்டும். மீனைக் கடைக்கோ வளர்ப்பவருக்கோ கொடுத்துவிட வேண்டும். ஓடைகளிலிருந்து செடி பிடுங்கி வந்து நடுவதும் அதே அளவு தவறு. நுவரெலியா மாவட்டத்தின் உயர்ந்த ஓடைகளில் வளரும் அப்போனோகெட்டன் ஜேக்கப்செனி போன்ற செடிகள் இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லை. ஹோர்ட்டன் சமவெளி போன்ற தேசிய பூங்காக்களிலிருந்து அனுமதியின்றி எதையும் எடுப்பது சட்டப்படி குற்றமுமாகும்.

அலங்கார மீன் விற்கும் கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள்: ஒவ்வொரு தொட்டியின்மீதும் மீனின் விலையோடு அதற்கு வேண்டிய வெப்பநிலையையும் எழுதி ஒட்டுங்கள், முதன்முறையாகத் தொட்டி வாங்க வரும் பிள்ளைக்கு அன்று செடிகளை மட்டும் விற்று, மீனுக்குப் பிறகு வரும்படி சொல்லுங்கள். பாடசாலை விடுமுறை தொடங்குவதற்கு முன்னர் இக்கடிதத்தைப் பிரசுரித்து உதவுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
விஞ்ஞான ஆசிரியர் ஒருவர்,
ஹட்டன்.