தேன்மொழிக்கு: எம்.எஸ்சி சைக்காலஜிக்கு நாலு வருஷக் கணக்கு

காவேரிப்பட்டணம்,
மார்கழி 5

அன்புள்ள தேன்மொழிக்கு,

அம்மா எழுதுகிறேன் கண்ணு. எம்.எஸ்சி சைக்காலஜி சேர ரெண்டு வருஷத்துக்கு எவ்வளவு ஆகும் என்று நேற்று போனில் கேட்டாய். போனில் சொன்னால் பாதி காதோடு போய்விடும். ஃபாரம் நிரப்பும்போது இந்தக் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்.

முதலில் உன் கேள்வியையே மாற்றிக்கொள். ரெண்டு வருஷம் போதாது, நாலு வருஷத்துக்குக் கணக்குப் போடு. பள்ளியிலோ கம்பெனியிலோ தொண்டு நிறுவனத்திலோ கவுன்சிலராக வேலை பார்க்க எம்.எஸ்சி போதும். ஆனால் நீ ஆசைப்படுவது ஆஸ்பத்திரி வேலை. 2017 மனநல மருத்துவப் பராமரிப்புச் சட்டம் 'கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்' யார் என்று வரையறுத்தே வைத்திருக்கிறது. எம்.எஸ்சி முடித்துவிட்டு அந்தப் பெயரைப் பலகையில் போட முடியாது. அதற்கு மேல் ஆர்சிஐ என்கிற இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகரித்த படிப்பும், மேற்பார்வையில் முழுநேர ஆஸ்பத்திரிப் பயிற்சியும் வேண்டும். இதுவரை அதற்கான வழக்கமான வழி ரெண்டு வருஷ எம்.ஃபில். புதிய கல்விக் கொள்கையில் எம்.ஃபில்லையே எடுத்துவிட்டார்கள். கிளினிக்கல் சைக்காலஜிக்கு மட்டும் யுஜிசி என்கிற பல்கலைக்கழக மானியக் குழு 2025-26 வரை விலக்குக் கொடுத்தது. நீ எம்.எஸ்சி முடிக்கும்போது அந்தப் படிப்புக்கு வேறு பெயர் இருக்கலாம். பெயர் எதுவானாலும் ஆர்சிஐ இணையதளத்தில் அந்த நிறுவனத்தின் பெயரும், அந்தப் படிப்பும், அங்கீகாரம் எந்த வருஷம் வரை என்பதும் இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் ஒரு ரூபாய் கூடக் கட்டவேண்டும். 'அப்ளை பண்ணியிருக்கோம், வந்துடும்' என்று ஆபீசில் சொன்னால் எழுந்து வந்துவிடு.

வேலையை விடாமல் தபால் வழியில் படிக்கச் சொல்லி உன் சித்தி யோசனை சொன்னாள் அல்லவா? அந்த வழி மூடிவிட்டது. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து சைக்காலஜியைத் தொலைதூரத்திலும் ஆன்லைனிலும் நடத்தக்கூடாது என்று யுஜிசி நிறுத்திவிட்டது. ஏற்கெனவே சேர்ந்தவர்கள் முடித்துக்கொள்ளலாம், புதிதாகச் சேர முடியாது. இன்னமும் 'சீட் இருக்கு' என்று யாராவது போன் செய்தால் நம்பாதே.

அதனால் என் கணக்கு இதுதான். எம்.எஸ்சியைக் குறைந்த செலவில் அரசுப் பல்கலைக்கழகத்தில் முடி. கடன் வாங்கும் தெம்பை அடுத்த ரெண்டு வருஷத்துக்கு மிச்சம் வை. பாங்கில் என் மேசைக்கு வரும் கல்விக் கடன் ஃபைல்களில் பெரும்பாலும் நேர்மாறாகத்தான் நடக்கிறது. எம்.எஸ்சிக்கே தனியாரில் லட்சக்கணக்கில் கட்டிவிட்டு, பயிற்சிக்குப் போகவேண்டிய நேரத்தில் கடன் வரம்பு தீர்ந்து நிற்கிறார்கள்.

நம் பக்கத்துக்கு அருகில் சேலம் பெரியார் பல்கலைக்கழகம். கருப்பூரில் நெடுஞ்சாலை ஓரமாகவே இருக்கிறது, சேலம் பஸ் ஏறினால் போதும். சென்னைப் பல்கலைக்கழகம், கோவை பாரதியார், சிதம்பரம் அண்ணாமலை எல்லாவற்றிலும் சைக்காலஜித் துறை உண்டு. இவற்றுக்குத் தனித்தனி விண்ணப்பம். அறிவிப்பு பெரும்பாலும் ஏப்ரலுக்கு மேல் வரும். புதுச்சேரி, திருவாரூர் போன்ற மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு மட்டும் இப்போதே ஓடவேண்டும். அவற்றுக்கான பொது நுழைவுத் தேர்வான சியுஇடி பி.ஜி.க்கு விண்ணப்பம் டிசம்பர்-ஜனவரியில், தேர்வு மார்ச்சில். 2025 தேர்வுக்கு ரெண்டு பேப்பர் வரை பொதுப் பிரிவுக்கு 1,400 ரூபாய், ஓபிசிக்கு 1,200. கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் இருக்கும். 75 கேள்வி, சரியென்றால் 4 மார்க், தப்பென்றால் 1 கழியும். நாலு விடையில் ஒன்றையாவது 'இது இல்லை' என்று தள்ள முடிந்தால் மிச்சத்தில் ஒன்றைத் தொடு, பயந்துபோய்க் கேள்வியை விட்டுவிடாதே. நம் பிள்ளைகள் கோட்டைவிடுவது புள்ளியியலில். டி-டெஸ்ட் எப்போது, அனோவா எப்போது, கோரிலேஷன் எதைச் சொல்லும் எதைச் சொல்லாது என்பதைத் தினமும் அரைமணி நேரம் கணக்குப் போட்டே பழகு, படித்தால் நிற்காது.

இன்னொன்று, சியுஇடி எழுதினாலே சீட் வந்துவிடாது. ரிசல்ட் வந்த பிறகு ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் தளத்திலும் தனியாகப் பதிவு செய்து, அங்கேயும் கட்டணம் கட்டவேண்டும். நல்ல மார்க் எடுத்தும் இதைச் செய்யாமல் வருஷம் போக்கியவர்கள் உண்டு.

இப்போது பேப்பர் வேலை. உன் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் 'தேன்மொழி மு' என்று இருக்கிறது. ஆதாரில் 'தேன்மொழி முனியப்பன்'. பான் கார்டில் இன்னொரு மாதிரி. தேர்வு ஃபாரத்தில் பத்தாம் வகுப்புப் பெயரை ஒரு எழுத்துக்கூட மாறாமல் போடு. ஆதாரை மார்க் ஷீட்டுக்கு ஏற்ப இந்த மாதமே திருத்திவிடு. இனிஷியல் ஒத்துப்போகாததால் ஸ்காலர்ஷிப்பும் கடனும் மாதக்கணக்கில் நிற்பதை வருஷா வருஷம் பார்க்கிறேன்.

சாதிச் சான்றிதழில் பெரிய குழி ஒன்று இருக்கிறது. நம்மிடம் உள்ள எம்பிசி அட்டை தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு மட்டும்தான் செல்லும். மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு ஓபிசி சான்றிதழ் தனி. மத்திய அரசுப் படிவத்தில், வசதி படைத்தவர்களான கிரீமி லேயரில் வரவில்லை என்ற வரியோடு தாசில்தார் தரவேண்டும். சேர்க்கையின்போது அந்த வருஷம் ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியதைக் கேட்பார்கள். மாநில அட்டையை ஏற்றிவிட்டால் உன்னைப் பொதுப் பிரிவில் தள்ளிவிடுவார்கள், பிறகு அழுது பயனில்லை. இ-சேவையில் 60 ரூபாய்தான். ஆனால் விஏஓ, ஆர்ஐ, தாசில்தார் என்று மூன்று மேசை தாண்டவேண்டும். ஏப்ரல் முதல் வாரமே நான் இங்கே போட்டுவிடுகிறேன். வருமானச் சான்றிதழையும் அப்போதே புதுப்பிக்கலாம், அது ஒரு வருஷம்தான் செல்லும்.

உதவித்தொகையைப் பற்றித் தப்பான நம்பிக்கை வேண்டாம். புதுமைப்பெண் ஆயிரம் ரூபாய் இளநிலைப் படிப்போடு நின்றுவிட்டது. முதல் பட்டதாரிச் சலுகை இதற்கு வராது. நீ கட்டாயம் போடவேண்டியது யுஜிசியின் முதுநிலை உதவித்தொகை: மாதம் 15,000 ரூபாய், வருஷத்துக்குப் பத்து மாதம், நாடு முழுக்கப் பத்தாயிரம் பேருக்கு. பட்டப்படிப்பு மார்க்கை வைத்துத் தேர்வு, வயது முப்பதைத் தாண்டக்கூடாது, ரெகுலர் படிப்பாக இருக்கவேண்டும். தேசிய ஸ்காலர்ஷிப் தளத்தில் முதல் வருஷம் சேர்ந்ததும் போடு. பணம் ஆதாரோடு இணைந்த கணக்குக்குத்தான் வரும். உன் ஆதார் எந்தக் கணக்கோடு கடைசியாக இணைந்தது என்று பார். சம்பளக் கணக்கோடு இணைந்திருந்து, வேலையை விட்டபின் அது முடங்கினால் பணம் திரும்பிப் போய்விடும்.

கடனுக்கு வருகிறேன். நாலு லட்சம் வரை பொதுவாக நம் கைப்பணம் கேட்கமாட்டார்கள். ஏழரை லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக்கூடாது. அப்பாவோ நானோ கூட்டாகக் கையெழுத்துப் போட்டால் போதும். அப்பாவின் கடன் வரலாற்றுப் பதிவான சிபிலை நான் பார்த்துவிட்டேன். டிராக்டர் கடனில் ஒரு தவணை பாக்கி காட்டுகிறது, தையில் கட்டிவிடுவோம். கூட்டாகக் கையெழுத்துப் போடுபவரின் கடன் கணக்கு சுத்தமாக இல்லையென்றால் பிள்ளையின் மார்க்கை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. விண்ணப்பத்தை வித்யாலட்சுமி தளத்தில் போடு, பதிவு இருக்கும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேள். கல்லூரி மத்திய அரசின் பி.எம். வித்யாலட்சுமி திட்டப் பட்டியலில் இருந்து, குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருந்தால், பத்து லட்சம் வரையிலான கடனுக்குப் படிக்கும் காலத்து வட்டி விகிதத்தில் 3 சதவீதப் புள்ளிகளை அரசு ஏற்கும். கேட்காமல் விடாதே.

கட்டண விவரத்தைக் கல்லூரி லெட்டர்பேடில் வருஷவாரியாக வாங்கு. அதில் டியூஷன் மட்டும் போட்டுக் கொடுப்பார்கள். ஹாஸ்டல், தேர்வுக் கட்டணம், புத்தகம், லேப்டாப் எல்லாம் முதல் நாளே மதிப்பீட்டில் ஏறவேண்டும், பிறகு சேர்க்க அலையவேண்டும். இன்டர்ன்ஷிப்புக்குச் சம்பளம் கிடையாது. போக்குவரத்தும் சாப்பாடும் உன் கையிலிருந்துதான். அதற்கு உன் சேமிப்பில் ஒரு தொகையைத் தனியாகப் பூட்டி வை.

வட்டியைப் பார். மூன்று லட்சத்தை ரெண்டு வருஷமாகப் பாதிப்பாதி வாங்குகிறாய், வட்டி 10 சதவீதம் என்று வை. முதல் வருஷம் 15,000, ரெண்டாவது வருஷம் 30,000, படிப்பு முடிந்து தரும் ஒரு வருஷ அவகாசத்தில் இன்னொரு 30,000. கட்டாமல் விட்டால் மூன்று லட்சம் மூன்றே முக்கால் லட்சமாக நிற்கும். அஞ்சு வருஷத் தவணை மாதம் 6,374-க்குப் பதில் 7,968 ஆகிவிடும். அதனால் படிக்கும்போதே வட்டியை மாதாமாதம் கட்டிவிடுவோம், அது என் பொறுப்பு. எம்.எஸ்சி முடித்து நேரே பயிற்சிக்குப் போனால் அவகாசம் தானாக நீளாது. சேர்க்கைக் கடிதத்தோடு முன்கூட்டியே எழுதிக் கொடுக்கவேண்டும்.

பெங்களூரு மனநல ஆஸ்பத்திரியான நிமான்ஸ் ஓசூர் ரோட்டிலேயே இருக்கிறது, நம் பஸ் அந்தப் பக்கம்தான் போகிறது. அங்கே போட்டி கடுமை. எம்.எஸ்சியில் 55 சதவீதத்துக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள், அதுதான் வழக்கமாகக் கேட்கும் குறைந்த மார்க். நேர்காணலில் 'சின்ன வயதிலிருந்தே பிறருக்கு உதவ ஆசை' என்று சொல்லாதே, எல்லாரும் அதையே சொல்கிறார்கள். ஒரு குழந்தை தனக்கு நடந்த பாலியல் கொடுமையை ரகசியமாகச் சொன்னால் என்ன செய்வாய் என்று கேட்டால், 2012 போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தெரிவிப்பது கட்டாயம், அதைக் குழந்தைக்கு எப்படிப் பக்குவமாகச் சொல்வாய் என்பது வரை பேசத் தெரியவேண்டும்.

எங்காவது அவசரப்பட்டு முன்பணம் கட்டி, பிறகு வேறு இடம் கிடைத்தால் பயப்படாதே. யுஜிசி வருஷா வருஷம் அறிவிக்கும் தேதிக்குள் விலகினால் பணத்தைத் திருப்பித் தரவேண்டும். அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கவும் கூடாது. விலகல் கடிதத்தை மெயிலில் அனுப்பு, தேதி நிற்கும்.

பணம் வரும் நேரத்தையும் சொல்லிவிடுகிறேன். மாந்தோப்புக் குத்தகையின் முன்பணம் பூப்பிடிக்கும்போது வரும், மிச்சம் பெங்களூரா காய் இறங்கும் ஜூன்-ஜூலையில். கல்லூரிகள் கட்டணம் கேட்பதும் அதே நேரம்தான். ஆனால் கூழ்த் தொழிற்சாலைப் பணம் சொன்ன தேதிக்கு வந்ததில்லை. அதனால் முதல் செமஸ்டர் கட்டணம் உன் சேமிப்பிலிருந்து போகட்டும், ஆகஸ்டில் நான் திருப்பிப் போடுகிறேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், ஆதார், பான் மூன்றையும் ஸ்கேன் செய்து அனுப்பு. எந்த எழுத்து எங்கே மாறுகிறது என்று உட்கார்ந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
அம்மா