ஸ்டீவிக்குக் குரல் உடைந்தபோது

அன்புள்ள நண்பனுக்கு,

நலம். நீயும் வீட்டில் எல்லாரும் நலம்தானே? உன் மூட்டுவலிக்கு அந்த வைத்தியர் கொடுத்த எண்ணெய் கேட்கிறதா? இங்கே மகன் குடும்பம் வேலை மாற்றலாகி எங்களோடு வந்து சேர்ந்துவிட்டது. வீட்டில் எந்நேரமும் பேச்சும் சத்தமும்தான். எனக்கு அது பிடித்திருக்கிறது.

உன் கடிதத்தில் மற்றதையெல்லாம் விட உன் பேரன் விஷயம்தான் மனதைப் பிசைந்தது. கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு என்று சின்ன வயசிலிருந்து மேடையேறிய பிள்ளை, குரல் உடைந்து மகரக்கட்டு வந்ததும் பாட்டையே விட்டுவிட்டான் என்று எழுதியிருந்தாய். "அவ்வளவுதானா அவன் பாட்டு?" என்று கேட்டிருந்தாய். அதைப் படித்த நேரத்திலிருந்து எனக்கு அமெரிக்கப் பாடகர் ஸ்டீவி வொண்டர் ஞாபகமாகவே இருக்கிறது. அவர் பெரியவரான பிறகு பாடிய பாட்டுகளைத்தான் நாம் கேசட்டில் கேட்டிருக்கிறோம். அவருக்கும் இதே வயசில் இதே கஷ்டம் வந்தது. அந்தக் கதையை உனக்குச் சொல்ல வேண்டும்.

1950-ல் மிச்சிகன் மாநிலத்தில் சாகினா என்ற ஊரில் குறைமாதத்தில் பிறந்த குழந்தை. இன்குபேட்டரில் ஆக்சிஜன் அதிகமாகி விழித்திரை கெட்டுப் பார்வை போயிற்று. அந்தக் காலத்தில் குறைமாதக் குழந்தைகள் பலருக்கு இப்படி ஆனது. ஆக்சிஜன்தான் காரணம் என்று உறுதியாகத் தெரிய இன்னும் சில வருஷங்கள் ஆயின. தாய் லூலா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு டெட்ராய்ட் போனார். அங்கே சர்ச்சில் பாட்டு, தெருமுனையில் சிநேகிதனோடு பாட்டு, கையில் ஹார்மோனிக்கா, அப்புறம் பியானோ, டிரம்ஸ். 1961-ல் மிராக்கிள்ஸ் என்ற பாட்டுக் குழுவைச் சேர்ந்த ரானி ஒயிட் இவன் பாடக் கேட்டு, மோடவுன் என்ற ரிக்கார்டு கம்பெனியின் முதலாளி பெர்ரி கோர்டியிடம் அழைத்துப் போனார். அப்போது பையனுக்கு 11 வயசு. 'லிட்டில் ஸ்டீவி வொண்டர்' என்று பெயர் வைத்து ஒப்பந்தம் போட்டார்கள்.

அந்த ஒப்பந்தத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாட்டு விற்று வரும் ராயல்டி பையனுக்கு 21 வயசாகும் வரை அறக்கட்டளைக் கணக்கில் இருக்கும். கைச்செலவுக்கு வாரம் இரண்டரை டாலர். வெளியூர்க் கச்சேரிகளுக்குப் போகும்போது கூடவே ஒரு ஆசிரியர் போவார். லான்சிங்கில் இருந்த பார்வையற்றோர் பள்ளியிலும் படித்தான். கம்பெனி தன் லாபத்தைப் பார்த்துக்கொண்டது, அதில் சந்தேகமில்லை. ஆனால் படிப்பு நிற்கவில்லை. நம் பக்கம் டிவியில் பாடும் குழந்தைகளுக்கு யாராவது இந்த அளவுக்கு யோசிக்கிறார்களா என்று எனக்குக் கவலையாக இருக்கிறது.

1962-ல் வந்த முதல் இரண்டு ஆல்பங்களும் போகவில்லை. அந்த வருஷம் ஜூன் மாதம் சிகாகோவில் ரீகல் தியேட்டரில் மோடவுன் கலைஞர்கள் எல்லாரும் சேர்ந்து கச்சேரி நடத்தினார்கள். ஸ்டீவி 'ஃபிங்கர்டிப்ஸ்' வாசித்து முடித்தான், ஜனங்கள் கைதட்டினார்கள், அடுத்து பாட வேண்டியவருக்காக வாத்தியக்காரர்கள் மாறத் தொடங்கிவிட்டார்கள். பையன் திடீரென்று மறுபடி மைக்குக்கு வந்து பாட ஆரம்பித்துவிட்டான். புதிதாக மேடைக்கு வந்த பேஸ் கிட்டார்காரருக்கு என்ன சுருதி என்றே தெரியவில்லை. "என்ன சுருதி? என்ன சுருதி?" என்று அவர் கத்துவது ரிக்கார்டிலேயே கேட்கிறது! அதை வெட்டாமல் அப்படியே வெளியிட்டார்கள். 1963 ஆகஸ்டில் அமெரிக்கா முழுக்க முதலிடம். பையனுக்கு 13 வயசு. அவ்வளவு சின்ன வயசில் தனிப் பாடகராக, பில்போர்டு என்ற அமெரிக்கப் பாட்டுப் பட்டியலில் முதலிடம் பிடித்தவர் இன்றுவரை வேறு யாரும் இல்லை.

அதற்குப் பிறகுதான் கஷ்டம். அடுத்து வந்த பாட்டுகள் எதுவும் அந்த உயரத்தைத் தொடவில்லை. 1964-ல் கடற்கரைக் கும்மாளப் படங்கள் இரண்டில் தலைகாட்ட வைத்தார்கள். அதற்குள் குரல் உடைந்துவிட்டது. 'லிட்டில்' என்ற பெயரை வைத்துச் சம்பாதித்த கம்பெனிக்கு, வளர்ந்துவிட்ட பையனை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஒப்பந்தத்தை முடித்துவிடலாமா என்று பேச்சே வந்துவிட்டது. நம் பாய்ஸ் நாடகக் கம்பெனிகளில் மகரக்கட்டு வந்த பையன்களுக்கு வேஷம் போய்விடும் என்று பெரியவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோமே, அதே கதைதான்.

அப்போது அவனுக்காகப் பேசியவர் சில்வியா மோய். மோடவுனில் பாட்டு எழுதிக்கொண்டிருந்த இளம்பெண். இவனுக்கு ஒரு ஹிட் பாட்டு கொண்டுவந்தால் வைத்துக்கொள்வீர்களா என்று கம்பெனியிடம் கேட்டதாகப் பேட்டியில் சொல்லியிருக்கிறார். பையனிடம் உட்கார்ந்து, கைவசம் இருக்கிற மெட்டுத் துணுக்குகளையெல்லாம் வாசிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். கடைசியில் "வேறு ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டபோது வந்ததுதான் 'அப்டைட்'. ஒலிப்பதிவில் வரிகளைப் படித்துப் பாட அவனால் முடியாது. சில்வியா ஒரு வரி முன்னால் அவன் ஹெட்ஃபோனுக்குள் பாடிக் கொடுக்க, அதைக் காதில் வாங்கியபடியே அவன் பாடியிருக்கிறான். அந்தப் பாட்டை எடுத்துக் கேள், எங்கேயாவது தயக்கம் தெரிகிறதா பார். 1965 கடைசியில் வந்த பாட்டு அடுத்த வருஷம் தேசிய அளவில் 3-ம் இடத்துக்குப் போனது. புதுக் குரல், கனத்த குரல். பெயரில் இருந்த 'லிட்டில்' அதற்கு முன்பே போய்விட்டது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது ஹிட் ஆனது இல்லை. பாட்டு ஓடாத அந்த நாட்களிலும் பையன் ஸ்டுடியோவை விட்டுப் போகவில்லை. மோடவுனின் வாத்தியக்காரர்கள் ஃபங்க் பிரதர்ஸ் என்ற குழு. அவர்களில் பென்னி பெஞ்சமின் என்ற டிரம்ஸ்காரர் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டுத்தான் தாளம் கற்றான். 1972-ல் வந்த 'சூப்பர்ஸ்டிஷன்' பாட்டின் தொடக்கத்தில் ஒரு டிரம்ஸ் தனியாக வருமே, அது ஸ்டீவியே வாசித்தது. இன்னொன்று. அவனும் மோடவுனில் பாட்டு அமைத்துக்கொண்டிருந்த ஹென்றி காஸ்பியும் போட்டு வைத்திருந்த ஒரு மெட்டை மிராக்கிள்ஸின் தலைமைப் பாடகர் ஸ்மோக்கி ராபின்சனிடம் கொடுத்தார்கள். அவர் வரி எழுதி, மிராக்கிள்ஸ் பாடி, 1970-ல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம். தன்னை அழைத்துவந்த குழுவுக்கே அவன் பாட்டுக் கொடுத்துவிட்டான்!

பிறகு நடந்தது உனக்கே தெரியும். 1971-ல் 21 வயசானதும் பழைய ஒப்பந்தத்தை முடியவிட்டார். நியூயார்க் போய், சின்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவி தெரிந்த இரண்டு பேரோடு சேர்ந்து தன் இஷ்டத்துக்குப் பதிவு செய்தார். மோடவுனோடு மறுபடி ஒப்பந்தம் போட்டபோது பாட்டு முழுக்கத் தன் பொறுப்பு என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் கையெழுத்துப் போட்டார். நாம் கேட்ட பாட்டுகள் பெரும்பாலும் அதற்குப் பின் வந்தவை.

ஆகவே பேரனைப் பாடச் சொல்லி வற்புறுத்தாதே. முக்கியமாகப் பழைய பாட்டைப் பழைய சுருதியில் பாடிக்காட்டச் சொல்லாதே, தொண்டையும் கெடும், மனசும் ஒடிந்துபோகும். திருவிழாவில் அவனுக்குத் தவில் வாசித்தவரோ கீபோர்டு வாசித்தவரோ யாராவது இருப்பார்களே, அவர்கள் பக்கத்தில் போய் உட்காரட்டும். மெட்டு ஏதாவது முணுமுணுத்தால் போனில் பதிந்து வைத்துக்கொள்ளச் சொல். உன் மகளிடமும் பேசு. அவள் பாவம், மேடை போய்விட்டதே என்று பையனை விட அதிகமாகத் தவிக்கிறாள் என்று நினைக்கிறேன்.

எங்கள் வீட்டில் பழைய ஹார்மோனியம் ஒன்று இருக்கிறது, என் அக்கா வாசித்தது. துருத்தியைச் சரிபார்த்துத் தரச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். தை மாதம் கல்யாணத்துக்கு அங்கே வரும்போது எடுத்து வருகிறேன். வைக்க இடம் இருக்கிறதா என்று மட்டும் உடனே எழுது.

அன்புடன்,
உன் நண்பன்