ஃபார்ஈச்சோடு பாடம் நின்றுவிடக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிளஸ் 2 கணினிப் பயன்பாடுகள் பாடத்தில், இணையதளம் எழுதும் நிரல்மொழியான பி.எச்.பி. இருப்பது எங்களைப் போன்ற சிறிய அலுவலகங்களுக்குப் பெரிய உதவி. ஈரோட்டில் வியாபாரிகளுக்கு இணையதளம் செய்துகொடுக்கிறோம். வேலைக்கு வரும் பிள்ளைகள், பட்டியலில் உள்ளதை ஒவ்வொன்றாக எடுத்து ஓட்டும் ஃபார்ஈச் மடக்கைத் (லூப்) தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுதிவிடுவார்கள். அது ஓடும்போது அணி, அதாவது அந்தப் பட்டியல் (அர்ரே), முழுவதும் மெமரியில் உட்கார்ந்திருக்கிறதே என்றால்தான் விழிக்கிறார்கள்.

மஞ்சள் மண்டிக்காரர் ஒருவர் பல வருடக் கொள்முதல் கணக்கை ஒரே சி.எஸ்.வி. கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த வரிகள்) கொடுத்தார். புதிதாகச் சேர்ந்த தம்பி 'ஃபைல்' ஃபங்ஷனால் மொத்தத்தையும் அணியாக்கி ஃபார்ஈச் ஓட்டினான். மாதிரிக் கோப்பில் ஓடியது. சர்வரில் 134217728 பைட் தீர்ந்துவிட்டது என்று படுத்துவிட்டது. பி.எச்.பி. ஒரு ஸ்கிரிப்டுக்கு வழக்கமாக விடும் 128 எம்.பி.தான் அந்த எண். "லிமிட்டைக் கூட்டிரலாங்களா அக்கா?" என்றான். மூட்டையை ஒவ்வொன்றாக எடைபோட வேண்டியவன், லோடு மொத்தத்தையும் தராசில் ஏற்றிவிட்டு, பெரிய தராசு கேட்ட மாதிரி.

பி.எச்.பி.யிலேயே இருக்கும் எஸ்.பி.எல். ஃபைல் ஆப்ஜெக்ட் ஓர் இட்டரேட்டர், அதாவது கேட்கக் கேட்க ஒவ்வொன்றாக எடுத்துத் தருவது. அதை வைத்தால் அதே ஃபார்ஈச்தான், ஆனால் வரி வரியாக வரும். ஃபார்ஈச் முதலில், தொடக்கத்துக்குப் போக ரீவைண்டை அழைக்கும். பிறகு ஒவ்வொரு சுற்றிலும் இன்னும் இருக்கிறதா என்று வேலிட்டைக் கேட்டு, இப்போதையதைக் கரன்ட்டில் எடுத்து, அடுத்ததற்கு நெக்ஸ்ட்டால் போகும். வரிசை எண் போன்ற கீ தேவைப்பட்டால் அதையும் கேட்கும். இந்த ஐந்து மெத்தடும் 2004இல் பி.எச்.பி. 5 உடன் வந்தவை. 2013இல் 5.5 பதிப்பில், ஃபங்ஷனையே ஒவ்வொன்றாகத் தரும் ஜெனரேட்டராக்கும் ஈல்டு என்ற சொல் வந்தபின் ஐந்தையும் கையால் எழுதும் வேலைகூடப் பெரும்பாலும் இல்லை.

எல்லாவற்றுக்கும் இட்டரேட்டர் என்று நான் சொல்லவில்லை. ஐம்பது விலைகள் ஏற்கெனவே அணியில் இருந்தால் அதை அர்ரே இட்டரேட்டர் என்ற இட்டரேட்டருக்குள் போட்டு ஓட்டுவது வெட்டி வேலை. ஈல்டு போட்ட ஜெனரேட்டரோ ஒருமுறை ஓடி முடிந்தால் அவ்வளவுதான், மறுபடி ஃபார்ஈச்சில் விட்டால் எக்ஸெப்ஷன் என்ற பிழை வரும்.

மடக்குப் பாடத்தின் முடிவில் இரண்டு பக்கமும் ஒரு செய்முறையும் சேர்த்தால் போதும். பெரிய கோப்பு ஒன்றை இரண்டு விதமாகவும் படிக்கவைத்து, மெமரி உச்ச அளவை அச்சிடச் சொல்லட்டும். இரண்டும் தனித்தனி ஸ்கிரிப்டாக இருக்க வேண்டும். ஒன்றிலேயே அடுத்தடுத்து ஓட்டினால், முதலில் ஏறிய உச்சம் இறங்காது, வித்தியாசம் தெரியாது.

- ஒரு வாசகி, ஈரோடு