கணக்கு ஓர் ஊரில், நகல் வேறோர் ஊரில்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2015ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி அடையாற்று வெள்ளம் ஈக்காட்டுத்தாங்கலில் உள்ள எங்கள் தொழிற்கூடத்தில் புகுந்தபோது, கடைசல் இயந்திரங்களோடு தரைத்தளத்தில் இருந்த அலுவலக அறையும் மூழ்கியது. தண்ணீர் வடிந்த பிறகு, கணக்கெல்லாம் இருந்த மையக் கணினியான சர்வரின் பக்கத் தகட்டைக் கழற்றினோம். உள்ளேயிருந்து வண்டல் கூழாக வழிந்தது. அந்த மேசையின் இழுப்பறையில்தான் வாரந்தோறும் நான் தவறாமல் நகல் எடுத்துவைத்த ஹார்டு டிஸ்க்கும் இருந்தது. அதுவும் அதே சேற்றில் ஊறிக் கிடந்தது.

இயந்திரங்களைக் கழுவி, மோட்டார்களுக்குக் காயில் கட்டி, ஒரு மாதத்தில் ஓட்டிவிட்டோம். கணக்கை மீட்கத்தான் ஏழு மாதங்கள் ஆயின. அந்நாளைய வாட் வரிப் படிவங்களை வணிகவரித் துறையின் இணையதளத்திலிருந்து இறக்கி, வங்கி அறிக்கையோடு வரிவரியாக ஒப்பிட்டு, அதிலும் கிடைக்காதவற்றுக்கு வாடிக்கையாளர்களிடமே “உங்கள் லெட்ஜரில் எங்கள் பெயரில் இருப்பதை அனுப்புங்கள்” என்று கேட்டு வாங்கினோம். நமக்கு வரவேண்டிய பாக்கி எவ்வளவு என்பதை, அதைத் தரவேண்டியவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலை எந்தத் தொழிலுக்கும் வரக்கூடாது என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கிளவுட் சேவையைப் பற்றி, அதாவது வேறொரு நிறுவனத்தின் கணினியையும் சேமிப்பிடத்தையும் இணையம் வழியாக வாடகைக்கு எடுப்பதைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் செலவு குறையும் என்பதையே முதலில் சொல்கிறார்கள். என் அனுபவத்தில் அது பாதி உண்மை. சர்வர், யு.பி.எஸ். பேட்டரி, ஏ.சி., பராமரிப்பு ஒப்பந்தம் என்று மொத்தமாக முதல் போட வேண்டியதில்லை. பயன்படுத்தும் மணி நேரத்துக்கு வாடகை கட்டினால் போதும். இரவு எட்டு மணிக்கு நிறுத்திவிட்டுக் காலையில் மீண்டும் ஓட்டலாம். மார்ச் மாதக் கணக்கு முடிப்பின்போது மட்டும் திறனைக் கூட்டி, ஏப்ரலில் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் ஆண்டு முழுவதும் இரவு பகலாக ஓடும் கணினியை வாடகைக்கு எடுத்தால், ஐந்து ஆண்டுகளில் சொந்த சர்வரின் விலையையே தாண்டிவிடக்கூடும். சோதனைக்காக இயக்கிய ஒரு கணினியை நிறுத்த மறந்து, ஒரு மாதம் இருமடங்கு பில் கட்டியிருக்கிறோம். ஆகவே செலவை மட்டும் பார்த்து யாரும் இதில் இறங்க வேண்டாம் என்பேன்.

இதன் பெரிய பயன், நம் கணக்கும் நம் கூரையும் ஒரே வெள்ளத்தில் போகாது என்பதே. அமேசான் நிறுவனம் 2006இல் சேமிப்பிடத்தையும் கணினித் திறனையும் வாடகைக்கு விடத் தொடங்கியபோது நம் ஊர்ச் சிறுதொழிலுக்கு அது எட்டாத செய்தியாக இருந்தது. இன்று நிலைமை வேறு. மைக்ரோசாப்ட் 2015இல் புணே, சென்னை, மும்பை ஆகிய இடங்களில், வாடகைக் கணினிகளை வைத்து இயக்கும் தன் தரவு மையங்களைத் திறந்தது. அமேசான் 2016இல் மும்பையிலும் 2022இல் ஹைதராபாத்திலும், கூகுள் 2017இல் மும்பையிலும் திறந்தன. அமேசானில் மும்பை என்று நாம் தேர்ந்தெடுப்பது ஒரு கட்டடத்தை அல்ல. தனித்தனி மின்வழங்கலும் குளிரூட்டலும் கொண்ட, ஒன்றிலிருந்து ஒன்று விலகி நிற்கும் மையங்களின் தொகுதியை. சென்னையில் தொழில் நடத்துவோர் பக்கத்தில் இருக்கிறதே என்று சென்னை மையத்தை மட்டும் நம்பாமல், ஒரு நகலையாவது வேறு ஊரில் வைப்பது நல்லது.

நாங்கள் 2019இல் கணக்கை மும்பைக்கு மாற்றினோம். 2023 டிசம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் புயல் மழையில் தெரு முழுவதும் தண்ணீர் நின்றது. மின்சாரமும் இல்லை, செல்பேசிக் கோபுரங்களும் வேலை செய்யவில்லை. ஆனால் எங்கள் கணக்கு உதவியாளர் அப்போது திருச்சியில் தம் அக்காள் வீட்டில் இருந்தார். அங்கிருந்தபடியே சம்பளப் பட்டியலை முடித்து, வங்கிக்கும் அனுப்பிவிட்டார். இருபத்திரண்டு தொழிலாளர்களுக்கும் வழக்கம்போல் ஏழாம் தேதி சம்பளம் போய்ச் சேர்ந்தது. வீட்டுக்குள் தண்ணீர் புகுந்து, அடுப்பு, அரிசி, பாய் எல்லாம் இழந்திருந்த குடும்பங்களுக்கு அந்த வாரத்தில் அந்தப் பணம் எப்படிப்பட்டது என்பதை நான் நேரில் கண்டேன்.

அதே நேரத்தில், கிளவுடில் வைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருந்துவிடுவதும் ஆபத்து. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் கிளவுட் சேவை தரும் ஓ.வி.எச். நிறுவனத்தின் ஐந்து மாடி மையம் தீயில் அழிந்தது. நகலையும் அங்கேயே வைத்திருந்தவர்கள் தரவை அடியோடு இழந்தார்கள். 2025 செப்டம்பர் 26 அன்று தென் கொரியாவின் தேஜோனில் அரசுத் தரவு மையத்தில் லித்தியம் பேட்டரியில் பற்றிய தீயால் அறுநூறுக்கும் மேற்பட்ட அரசுச் சேவைகள் முடங்கின. அரசு ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்துவந்த 858 டெராபைட் கிடங்குக்கு வெளி நகலே இல்லாததால் அது மீளவில்லை. எங்கள் இழுப்பறை ஹார்டு டிஸ்க்குக்கு நேர்ந்ததுதான் ஓர் அரசாங்கத்துக்கும் நேர்ந்தது. மாறாக, 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியின் கூகுள் கிளவுட் அமைப்பே தவறுதலாக நீக்கப்பட்டபோது, வேறொரு நிறுவனத்திடமும் நகல் வைத்திருந்தது மீட்புக்குப் பெரிதும் உதவியது.

இயந்திரத்தையும் கட்டடத்தையும் காப்பது சேவை நிறுவனத்தின் பொறுப்பு. கடவுச்சொல்லையும் நகலையும் காப்பது நம் பொறுப்பு. வாடகைக் கணினியின் சேமிப்பு நாம் சொல்லாமல் வேறு ஊருக்கு நகலாகிவிடாது. அதை நாம்தான் அமைக்க வேண்டும். நகல் இருக்கிறது என்பதும் போதாது, அது திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாதத்தின் முதல் சனிக்கிழமை, ஹைதராபாத் மையத்தில் நாங்கள் வைத்திருக்கும் நகலை ஒரு வெற்றுக் கணினியில் ஏற்றி, இருப்பாய்வு (எல்லாக் கணக்குகளின் பற்று, வரவு இருப்புப் பட்டியல்) பைசா சுத்தமாகப் பொருந்துகிறதா என்று சரிபார்க்கிறோம். முக்கால் மணி நேர வேலை. இருமுறை பொருந்தாமல் போய், காரணத்தைக் கண்டுபிடித்துத் திருத்தியிருக்கிறோம்.

கணினியில் கணக்கு வைத்திருக்கும் கம்பெனிகள் நாள்தோறும் இந்தியாவிலுள்ள சர்வரில் நகல் எடுக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டில் கம்பெனிச் சட்ட விதி திருத்தப்பட்டது. ஆனால் ஒருவரே உரிமையாளராக நடத்தும் தொழில்களுக்கும் கூட்டாண்மைத் தொழில்களுக்கும் அவ்விதி பொருந்தாது. ஜி.எஸ்.டி. சட்டப்படி 72 மாதங்கள் கணக்கைப் பாதுகாக்கும் கடமை அவர்களுக்கும் உண்டு. எனவே மாவட்டத் தொழில் மையங்களும் தொழிற்பேட்டைச் சங்கங்களும் சேர்ந்து, நகலை வேறு ஊரில் வைப்பதையும் அதை மீட்டுப் பார்ப்பதையும் தமிழில், கணினி முன் உட்காரவைத்துக் கற்றுத்தர வேண்டும். இயந்திரக் கடன் கொடுக்கும் வங்கிகள் காப்பீட்டுச் சான்று கேட்பதுபோல், கணக்கின் நகல் எங்கே இருக்கிறது, கடைசியாக எப்போது மீட்டுப் பார்க்கப்பட்டது என்ற இரண்டு கேள்விகளையும் விண்ணப்பத்தில் சேர்க்க வேண்டுகிறேன். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே இதைத் தொடங்கினால் நல்லது.

இப்படிக்கு,
சிறுதொழிற்கூடமொன்றின் கணக்குப் பொறுப்பாளர்,
ஈக்காட்டுத்தாங்கல், சென்னை.